எந்த ஊர் உருண்டை

என் நோயை முதலில் கவனித்தது நானல்ல; பாலக்கோட்டுச் சந்தையோரச் சாப்பாட்டுக் கடையில் தண்ணீர் ஊற்றுகிறவர்.

"ஏனுங்க, வூட்ல கருவாடு தின்னுட்டு வந்தீங்களா? சொம்பு சொம்பா எறங்குதே" என்றார். நானும் சிரித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டேன்.

புளி கொள்முதலுக்கு ஊர் ஊராகப் போகிற பிழைப்பு எனக்கு. கடைச் சாப்பாடு சாப்பிடும் நாட்களே அதிகம். அந்தக் கோடையில் செருப்புக் கடித்து வலது கால் விரலில் வந்த புண் ஆறவே இல்லை. சேலத்துக்குப் போய்க் காட்டினேன்.

மருத்துவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். என் சிறுநீரை நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் காய்ச்சினார். நீலம் செங்கல் நிறமானது. நீரிழிவு (உண்ட உணவின் சர்க்கரை உடம்பில் சேராமல் சிறுநீரில் போகும் நோய்) என்றார்.

"ஊசி மருந்து கப்பல்ல வரணும். சண்டைக் காலத்துல அது எப்போ வரும்னு எனக்கே தெரியாது. அதுவரைக்கும் சாப்பாடுதான் உமக்கு மருந்து. அரிசியை விட்டுடும். வேளைக்கு ரெண்டு உருண்டை கேழ்வரகுக் களி. சர்க்கரை இறங்கலேன்னா விரலை எடுக்கணும். அப்புறமும் இறங்கலேன்னா பாதம்."

பாதம் போனால் என் பிழைப்பும் போய்விடும். பயந்துவிட்டேன்.

இந்த நோயோடு கடையில் உட்காருகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எதில் என்ன கலந்திருக்கிறது என்று இலை சொல்லாது. சாம்பாரில் கன்னடத்து வழக்கப்படி வெல்லம் போட்டிருக்கிறார்களா என்று நாக்கால் துழாவுவேன். காபிக்குச் சர்க்கரை வேண்டாமென்றால், "ஏற்கெனவே கலந்தாச்சுங்க" என்பார்கள். கிழங்கு, வாழைக்காய் எல்லாவற்றையும் ஒதுக்கினேன். கையில் ஒரு கணக்கு இருந்தது களிக்கு மட்டும்தான். அதை நம்பினேன்.

தொப்பூர்க் கணவாய் ஏறுகிற வண்டிக்காரர்களுக்காக ஓர் அம்மா களிக் கடை வைத்திருந்தார். அங்கே உருண்டை என்பது சிறு தேங்காயளவு. எங்கள் ஜில்லாவில் உருண்டை என்றாலே அதுதான். ஒன்றிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிடும். இரண்டாவதை மருந்தாயிற்றே என்று திணறித் திணறி விழுங்குவேன்.

"எறங்கலைன்னா உடுங்களேன்" என்பார் அந்த அம்மா.

"டாக்டர் சொன்னதுங்க" என்பேன்.

வீட்டிலும் அதே அளவுதான். ஒவ்வொரு தடவை சேலம் போகும்போதும் குழாயில் அதே செங்கல் நிறம். "இனிப்பு திருடித் தின்கிறீரா?" என்று மருத்துவர் கடிந்தார். என் மனைவி குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டாள். விரல் கறுத்தது. எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு மனைவி தூக்குச் சட்டியில் களி கொண்டுவந்தாள். மருத்துவர் எட்டிப் பார்த்தார்.

"எத்தனை பேருக்கும்மா இது?"

"அவருக்குத்தாங்க. நீங்க சொன்ன ரெண்டு உருண்டை."

அவர் சட்டியைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "எலுமிச்சம்பழத்துக்குக் கொஞ்சம் பெரிசா நெனச்சுண்டு சொன்னேன்" என்றார் பிறகு.

"அது எப்படிங்க வயித்துக்குப் பத்தும்?" என்றாள் அவள், உண்மையாகவே புரியாமல்.

அவர் என் வலது கையைப் பிடித்து விரல்களை மடக்கினார். "வேளைக்கு இவ்வளவு. ரெண்டு இல்லை, ஒண்ணு."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதற்குப் பின்னால் அழுகை வந்தது. சொன்னபடி கேட்டுக் கேட்டே ஒரு விரலைத் தொலைத்திருந்தேன். யாரைக் கோபித்துக்கொள்வது? அவர் அவர் ஊர்த் தமிழில் சொன்னார், நான் என் ஊர்த் தமிழில் கேட்டுக்கொண்டேன்.

அதன்பின் குழாய் மெல்ல மஞ்சளாகி, பச்சையாகி, ஒருநாள் நீலமாகவே நின்றது. பாதம் தப்பியது. உங்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: அளவு சொன்னால் எந்த ஊர் அளவு என்று கேளுங்கள். அசட்டுக் கேள்வி என்று நினைக்காதீர்கள்.

உடம்பு தேறியது, பசி அடங்கவில்லை. முன்பெல்லாம் பாலக்கோட்டுச் சந்தை, பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தை என்று என் வாரம் ஓடும். இப்போது ஒரு களிக்கும் அடுத்த களிக்கும் நடுவில் கிடப்பதுதான் பொழுது. சப்பணமிட்டு உட்கார்ந்தால் இல்லாத விரல் அரிக்கிறது. எங்கே சொறிவது என்று தெரியவில்லை.

போன மாதம் தொப்பூரில் பஸ் நின்றது. களிக் கடையில் அந்த அம்மாவின் மருமகள் இருந்தாள், என்னைத் தெரியாது. மடக்கிய கையைக் காட்டி இவ்வளவு போதும் என்றேன். மருமகள் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

"கொழந்தைக்குங்களா?"

விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

"ஆமாம்மா" என்று வாங்கி, கிள்ளிக் கிள்ளித் தின்றேன்.