அத்தை கேட்ட தேதி

என் பெரிய அத்தையின் கணவர் கோலார் தங்கவயலில் சுரங்க வேலையை விட்டுவிட்டு பர்மா சண்டைக்குப் போனவர், திரும்பவில்லை. அப்போது கல்யாணமாகி நான்கே மாதம். அத்தை தங்கவயலிலேயே பல வருடம் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் பெங்களூருக்கு, எங்களோடு வந்து சேர்ந்தாள். இறந்த தேதி தெரியாததால் மகாளய அமாவாசையன்று குடும்பத்துப் பெரியவர்களோடு சேர்த்து அவருக்கும் ஓர் இலை போடுவாள். "அவருக்குன்னு ஒரு நாள் வோணும்" என்பது அவள் பிடிவாதம். வருடக்கணக்காக மனுப் போட்டு, அவருடைய ராணுவப் பதிவேட்டின் நகலை வரவழைத்தே விட்டாள்.

ஒரே தாள். முழுக்க இங்கிலீஷ், அதுவும் வாலறுந்த இங்கிலீஷ்: பாதிச் சொல், ஒரு புள்ளி, ஒரு தேதி. எங்கள் தொம்மலூர் வீட்டில் இங்கிலீஷில் முதல் மார்க் வாங்குகிறவள் நான்தான் என்பதால், ஏழாம் வகுப்பில் இருந்த என்னிடம் அது வந்தது. மாமா செத்த தேதியைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருந்தார். பள்ளி விட்டதும் தினமும் அவர் வாசலில் போய் நிற்பேன். 'டி.ஓ.எஸ்.' என்றால் படைப்பிரிவில் சேர்த்துக்கொண்டது, 'எம்ப்.' என்றால் கப்பல் ஏறியது என்று வரிவரியாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசி வரியில் நின்றுவிட்டார். "கண்ணாடி சரியில்ல பாப்பா. எத்துனு போ" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பள்ளி அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் மல்லுக்கட்டி, அந்த வரியை நானே உடைத்தேன். சொந்த விருப்பத்தின் பேரில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார், பெங்களூர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அத்த, மாமா சண்டையில சாவல! அவரே எழுதிக் குடுத்துட்டு நம்ம பெங்களூர்லயே வெளிய வந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது. "தேதி இன்னா போட்டுக்குது?" என்றாள். படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். "அதான் நாளு. இனிமே அன்னிக்கே படைச்சிடலாம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது வெளியே வந்த தேதி, செத்த தேதி இல்லை என்று தாளை அவள் முகத்துக்கு நேரே நீட்டி மறுபடி மறுபடி விளக்கினேன். "தெரியுது. போய் வெளையாடு" என்றாள்.

அந்த வருடமே அந்தத் தேதியில் அவருக்குத் தனியாக இலை போட்டாள். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.