நடவு நாளில் வந்தவர்கள்

எங்கள் மருத்துவக் கல்லூரியில் புள்ளியியலுக்கு அவர் ஒருவர்தான். கணிதம் படித்துவிட்டு வந்தவர், இருபது வருடமாக ஜன்னல் இல்லாத அறையில் டாக்டர்களின் ஆய்வேடுகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முடிவு எழுதிய வரியை உள்ளங்கையால் மூடிக்கொண்டுதான் மற்றதைப் படிப்பார்.

நான் போனது ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய கடைசி நாளில். வலங்கைமான் பக்கத்துக் கிராமங்களில் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் பெண்களைப் பற்றிய ஆய்வு. அறுபது பேரும் மறுபரிசோதனைக்கு வந்ததாக எழுதியிருந்தேன்.

"புரட்டாசியிலயா பாத்தீங்க?"

"ஆமா சார்."

"நடவு நேரத்துல ஒருத்தர் விடாம வந்தாங்களா டாக்டர்?"

பாதிப் பேர் வரவேயில்லை. அவர்களின் எண்களை நானே நிரப்பியிருந்தேன்.

அதற்குள் அவருடைய போன் அடித்தது. கூப்பிட்டது என் துறைத் தலைவர். "இதோ போட்டுடறேன் சார்" என்று இவர் மூன்று முறை சொல்லிவிட்டு வைத்தார்.

"எங்கம்மா நடவுக்குப் போனவங்க. ஆஸ்பத்திரிக்கு வந்ததா அவங்க பேரையும் யாராவது இப்படி எழுதியிருப்பாங்க."

பேனாவைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டார், முடிவை மூடிய கையை எடுக்காமலே.

'வேண்டாம் சார்' என்று நான் சொல்வேன் என்றுதான் அவ்வளவு நேரம் காத்திருந்தாரோ என்னவோ.