கழுவாத பிறீவீல்

2011 ஓகஸ்ட் 16 – ரூபா 150
2014 பெப்ரவரி 3 – ரூபா 200
2017 மே 22 – ரூபா 300
2020 ஜனவரி 9 – ரூபா 400
2022 யூன் 28 – வாங்கவில்லை

இணுவில் தோட்டக்காரர் அருளம்பலத்தின் பழைய றலி சைக்கிளுக்கு நஸீர் பின்சில்லு வேலை செய்த நாள்களும் அதற்கு வாங்கிய கூலியும் இவை.

1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது நஸீருக்கு இருபத்தைந்து வயது. தகப்பனின் சைக்கிள் கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுப் போனவர். புத்தளத்தில் இருபது வருடம் மரநிழலில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். திரும்பி வந்து ஓட்டுமடத்தில் தகரக் கொட்டில் போட்டபோது, முதல் சைக்கிளை உருட்டி வந்தவர் அருளம்பலம். வேலை முழுதாக முடியாவிட்டால் ஒரு சதமும் வாங்குவதில்லை என்பது நஸீரின் வழக்கம்.

2022இல் பெற்றோல் இல்லாமற்போக, ஊரிலுள்ள பழைய சைக்கிள்கள் எல்லாம் அவர் வாசலுக்கு வந்தன. மண்ணெண்ணெயும் இல்லை. அருளம்பலத்தின் பின்சில்லைக் கழற்றி, பக்கத்துக்கு ஒன்பதாகப் பதினெட்டுக் குண்டும் புதிதாகப் போட்டுக் கிறீஸ் அடைத்து, ஆட்டமில்லாமல் இறுக்கினார். மிஞ்சியது சங்கிலி ஓடும் பற்சக்கரமான பிறீவீல். அதற்குள் இரண்டு சிறிய நாக்குகள். மிதித்தால் பற்களில் கொழுவிச் சில்லைத் தள்ளுபவை. பழைய எண்ணெய் இறுகினால் நாக்கு எழும்பாது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத்தான் கழுவ வேண்டும். சில்லைச் சுற்றிக் காதைக் கொடுத்தார். இரண்டு நாக்கின் சத்தம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் கேட்டது.

“மண்ணெண்ணெய் வந்தாப் பிறகு கொண்டாங்கோ அண்ணை, கழுவித் தாறன். இப்ப காசு வேண்டாம்.”

“சும்மா வேலை செய்தா றஷீதா உமக்குச் சோறு போடுவாவோ?” என்று சிரித்துவிட்டு அருளம்பலம் ஏறிப்போனார். பதினொரு சைக்கிள் காத்து நின்றது. நஸீர் அடுத்ததைக் கவிழ்த்தார்.

லொறி ஓடாததால் அருளம்பலம் தோட்டத்து வெங்காயத்தைத் தானே மருதனார்மடம் சந்தைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். யூலை 7ஆம் திகதி காலை, பின்னால் இரண்டு மூட்டையுடன், சந்தியில் நின்று புறப்படும்போது எழும்பி நின்று மிதித்திருக்கிறார். பெடல் பிடிப்பில்லாமல் சுற்றியது. விழுந்தவர்மேல் பின்னால் வந்த பஸ் ஏறியது. மரண விசாரணையில் விபத்து என்று எழுதினார்கள். பிறீவீலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. திருத்த முடிந்தால் திருத்தச் சொல்லி, வீட்டார் சைக்கிளை நஸீரிடமே அனுப்பினார்கள்.

மண்ணெண்ணெய் கிடைத்த அன்று அவர் பிறீவீலைத் திறந்தார். ஒரு நாக்கு கறுத்த எண்ணெய்க்குள் படுத்துக்கிடந்தது. தனியே பாரம் சுமந்த மற்றதன் நுனி உடைந்திருந்தது.

மனைவி றஷீதாவிடம் காட்டினார். அவள் அதைத் தொடவில்லை.

“கேக்காத கேள்விக்கு மறுமொழி சொல்லப் போறியளோ? ஒருக்கா எழுப்பிவிட்ட ஊர். இன்னொருக்கா எழும்பிப் போக எனக்குக் கால் இல்லை.”

அவள் பயம் நியாயமானது என்று நஸீருக்குத் தெரியும். ஆனாலும் நான்கு கிழமைதான் பொறுத்திருந்தார். முகம் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல், வவுனியாவில் படிப்பிக்கும் அருளம்பலத்தின் மகள் பிரியந்தினிக்குக் கடிதம் எழுதினார். ஒரு நாக்கு வேலை செய்யவில்லை என்று தெரிந்தே சைக்கிளைக் கொடுத்தேன் என்று எழுதினார்.

மறுமொழியில் ஒரே கேள்வி இருந்தது: பாரம் ஏற்ற வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னீர்களா?

சொன்னேன் என்று எழுதினால் பொய்யென்று சொல்ல ஆளில்லை. றஷீதாவும் அப்படியே எழுதச் சொன்னாள். அவர் மூன்று தாளைக் கிழித்துவிட்டு, நாலாவதில் ஒரு வரி எழுதினார்: இல்லை, நான் சொல்லவில்லை.

ஏழு கிழமை ஒன்றும் வரவில்லை. கடைப்பக்கம் யார் வந்து நின்றாலும் அவர் வேலையை விட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடைசிக் கடிதம் வந்தது. “அம்மாவுக்கு நான் இதைச் சொல்லவில்லை, ஊரிலும் சொல்லமாட்டேன். உங்களை மன்னிக்கவும் என்னால் முடியவில்லை. இனி எழுத வேண்டாம்” என்று இருந்தது. உறையில் வவுனியா முத்திரை. நஸீர் கையில் கிடைத்தது 2022 நவம்பர் 21, திங்கட்கிழமை.