பதினேழாம் எண்ணின் இடம்

பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் பாதியில் நின்றுவிட்டு, வேப்பூரில் லாரி கிளீனராகச் சேர்ந்தேன். மூன்று மாதம் கழித்து டி.சி. வாங்கத்தான் விருத்தாசலம் திரும்பினேன்.

என்னோடு செராமிக் படித்தவர்கள் சூளையில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவரவர் செய்த கோப்பையின் அடியில் வருகைப் பதிவேட்டு எண்ணைக் கீறி, அந்த வரிசையிலேயே அடுக்குவது எங்கள் வகுப்பின் வழக்கம். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே இடம் காலியாக இருந்தது. என் எண் பதினேழு.

"என்னடா இது?" என்றேன்.

"நீ போனதுலேருந்து மூணு தடவ சுட்டாச்சு. மூணு தடவையும் ஒன் எடத்த அப்படியேதான் வுட்டோம்" என்றான் பக்கத்து பெஞ்சு சவரி. "தொர எப்ப வருவாருன்னு சூளையே பாத்துக்கிட்டு கெடக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். படிக்க வருமுன் நான் வேலையை விட்ட இடங்களில் எல்லாம் மறுநாளே வேறு ஆள் வந்துவிடுவான். இங்கே ஒரு சாண் இடம் எனக்காகக் காத்திருந்தது.

டி.சி. விண்ணப்பத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துவிட்டு மண் பிசைய உட்கார்ந்தேன். அடுத்த சூளையில் என் கோப்பை கோணலாகத்தான் வெந்து வந்தது.

படிப்பை முடித்த பிறகும் நான் ஓர் ஊரில் நிலைக்கவில்லை. கோப்பை மட்டும் எல்லா ஊருக்கும் கூடவே வருகிறது.