ஏரிக்கரையில் நான் மாற்றிய வேலை நேரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம். சாலவாக்கம் பக்கத்தில் வறண்டு கிடந்த ஓர் ஏரியில் தூர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை எனக்கு. வயது இருபத்து நான்கு.

முதல் நாளே, மண் சுமக்க வந்தவர்களில் என் வயதுடைய ஒரு பெண் கேட்டார். "விடியக்காலயே வந்து, வெயில் ஏறதுக்குள்ள முடிச்சிக்கினு போயிட்றோம் சார்."

எட்டு மணி முதல் ஐந்து மணி வரை என்று ஆபீஸ் உத்தரவு, மாற்ற முடியாது என்றேன். இதை மர நிழலில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

மூன்றாம் நாள் உச்சி வேளை. கூடையோடு கரை ஏறிய அந்தப் பெண்ணின் ஓரகத்தி, ஏதோ உளறியபடி சாய்ந்துவிட்டார். ஓடிப்போய்த் தொட்டால் உடம்பு கொதித்தது. சொட்டு வியர்வை இல்லை. பதற்றத்தில் அவர் வாயில் தண்ணீர் ஊற்றப் போனேன். அந்தப் பெண் என் கையைத் தட்டிவிட்டார்.

"நெனவு இல்லாதவ வாயில ஊத்தாத சார், பொறையேறி பூடும்! எங்கண்ணன் சூளையில இப்டித்தான் வுயுந்து செத்தான். ஒடம்பு மேல ஊத்து!"

நாலைந்து பேர் அவரை நிழலுக்குத் தூக்கினோம். பம்புசெட் தண்ணீரில் துணிகளை நனைத்துப் போர்த்தினார்கள், விடாமல் விசிறினார்கள். நான் ரோட்டுக்கு ஓடி, வந்த டவுன் பஸ்ஸை மறித்தேன். டிரைவர் எங்கும் நிறுத்தாமல் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கே விட்டார். வழி நெடுக அந்தப் பெண் குடத்துத் தண்ணீரை ஓரகத்தி மேல் ஊற்றிக்கொண்டே வந்தார். பஸ் முழுக்க ஈரம்.

"ஊத்திக்கினே வந்தீங்க பாருங்க, அதுதான் காப்பாத்திச்சு" என்றார் டாக்டர். சாயங்காலம் அந்த அம்மா கண் திறந்து, "கூடை இன்னாச்சு?" என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றே சொல்லிவிட்டேன்: நாளையிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்கு ஆரம்பம், பதினொன்றுக்குள் முடிவு. அடுத்த வாரம் மேலதிகாரி ஜீப்பில் வந்தார்.

"யாரைக் கேட்டு மாத்தினே?"

"வேலை செய்யறவங்களைக் கேட்டு, சார்" என்றேன். வெட்டிய குழிகளை அளந்து பார்த்தார். பழைய நேரத்தில் நடந்த மூன்று நாட்களைவிடத் தினமும் வேலை கூடுதலாகவே நடந்திருந்தது. "சரி, இப்படியே நடத்து" என்று ஜீப்பில் ஏறினார்.

பிறகு முப்பது வருடங்கள் எத்தனையோ வேலைகளை நடத்தினேன். நிழலில் இருப்பவன் தனியாக முடிவு செய்தால் வெயிலில் நிற்பவரின் உயிர் போகும் என்பதை ஒரு நாளும் மறந்ததில்லை.