நாலு கம்பும் ஒரு வெருளியும்

எங்கள் குடியிருப்புக்கு எதிரே இருக்கும் புல்வெளியில் ஒருநாள் காலை நாலு இரும்புக் கம்புகள் நின்றன. மூன்று மாடி உயரம் இருக்கும். ஒவ்வொன்றின் உச்சியிலும் பக்கவாட்டில் ஒரு சிறு சட்டம். கொடி இல்லை, விளக்கு இல்லை, கம்பியும் இல்லை. எங்கள் மட்டக்களப்பில் இவ்வளவு உயரத்துக்குக் கம்பு நட்டால் ஒன்றில் கோயில் திருவிழா, இல்லாவிட்டால் அரசியல் கூட்டம். சுவிஸ்காரர் சத்தம் போடாமல் கொண்டாடும் ஏதோ ஒரு திருவிழா என்று நினைத்துக்கொண்டு, மேல்மாடியில் இருக்கும் பியாட்றிஸிடம் என் நொண்டி ஜெர்மனில் கேட்டேன். "இல்லை, அது ஒரு வீடு" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். வீட்டைக் காணவில்லை. "அதோ நிற்கிறதே" என்று வெறும் காற்றைக் கையால் அளந்து காட்டினாள். தனியாக இருந்து இருந்து மனுஷிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குக் கவலையாகப் போனது. "யா, யா, ஷோன்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு மகள்தான் சிரித்துச் சிரித்து விளக்கினாள். இந்த நாட்டில் வீடு கட்டுவதற்கு முன் அது எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று கம்பு நட்டுக் காட்டவேண்டுமாம். பெயர் பௌகெஷ்பான். அயலில் இருப்பவர்கள் பார்த்து, தங்கள் வெளிச்சமோ காற்றோ மறைபடுகிறது என்றால் ஊர்க் கந்தோரில் சொல்லலாம். பியாட்றிஸும் அப்படிப் போய்ச் சொன்னவள்தான். அவளுடைய தக்காளிச் சாடிகளுக்கு வெயில் போய்விடும் என்று ஆட்சேபம் எழுதிப் போட்டாள். எனக்கு ஆச்சரியம் அதில் இல்லை. அடுத்த கிழமையே அந்தக் காணிக்காரரோடு அவள் வாசலில் நின்று கோப்பி குடித்ததில்தான். எங்கள் ஊரில் இப்படி ஒரு ஆட்சேபம் எழுதியிருந்தால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருந்திராது.

ஊரைப் பற்றிச் சொல்வதென்றால், நான் வருடத்துக்கு ஒருமுறை போய் பழைய ஓட்டு வீடுகளைப் பார்த்து மூக்குச் சிந்துகிற ஆள் இல்லை. அந்த ஓடுகள் மாரியில் ஒழுகும்போது வாளி வைத்தவள் நான். மட்டக்களப்பு நகருக்குள் இப்போது வங்கிகளும் கண்ணாடி போட்ட கடைகளும் விடுதிகளுமாக எழும்புவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது. எவ்வளவு காலம் எங்கள் ஊரில் இடிந்தது மட்டுமே கணக்கில் இருந்தது. இனிக் கொஞ்சம் எழும்பட்டும். எங்கள் வளவும் அந்த நடுநகருக்குள்தான், வாவியில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு என்பது வெளியூர் வாசகர்களுக்குத் தெரிந்திருக்காது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்பா அந்த வீட்டை மூத்தவளான எனக்குத் தந்தார். நானும் கணவரும் நாட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு தங்கச்சி குடும்பம் அதில் இருந்தது. இப்போது தங்கச்சி மகள் தரணிக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது, வீடு எழும்பவேண்டும். பழையதை இடித்து மூன்று தட்டாகக் கட்டுவது என்று தங்கச்சி புருஷன் திட்டம் போட்டார். கீழே வாடகைக்கு ஒரு கடை, நடுத்தட்டில் தங்கச்சி குடும்பமும் தரணியும், மேல்தட்டு முழுவதும் எனக்கு. நான் உடனே ஓம் என்றேன். வாவி தெரிகிற பக்கம் பெரிய ஜன்னல் வைக்கச் சொன்னேன். அதற்குத் திரைச்சீலையும் சுவிஸிலேயே வாங்கி வைத்தேன்.

போன வருடம் நான் ஊருக்குப் போனபோது பழைய வீட்டை இடித்து, நிலத்தை மட்டப்படுத்தி வைத்திருந்தார்கள். தங்கச்சி ஆட்கள் கல்லடியில் வாடகைக்கு இருந்தார்கள். வெறும் நிலத்தில் நின்று பார்த்தபோதுதான் எங்களுக்கு மேற்கே இருக்கும் மனோ அக்காவின் வளவு என் கண்ணில் சரியாகப் பட்டது. மனோ அக்கா செத்தல் மிளகாய் காயவைத்து, வறுத்து இடித்து விற்று வாழ்கிறவ. மட்டக்களப்பில் இருந்து புறப்படுகிற எத்தனையோ பெட்டிகளில் அவவின் தூள் இருக்கும். என் பெட்டியில் எப்போதும் இருக்கும். அவவுக்குப் பின்பக்கம் எழும்பிய நாலு மாடிக் கடைக்கட்டிடம் பின்னேர வெயிலை ஏற்கெனவே தின்றுவிட்டது. மிஞ்சியிருந்தது எங்கள் பக்கத்துக் காலை வெயில் மட்டும்.

அப்போதுதான் எனக்குச் சுவிஸ் புத்தி வேலை செய்தது. கமுகு மரங்களை வாங்கி, தேவையான இடத்தில் ஒன்றோடொன்று இணைத்து, நாலு மூலைக்கும் நடச் சொன்னேன். உச்சியில் கயிறு கட்டுவித்தேன். அக்கா பார்த்து ஒரு சொல் சொல்லட்டும், அதன்படி செய்யலாம் என்பதுதான் என் எண்ணம். வீட்டு வேலைக்குப் பொறுப்பான மேசன் பாஸுக்கு என் மூளையில் நம்பிக்கை போய்விட்டது. "கம்பு நட்டு வீட்டுக்கு ஒத்திகை பாக்கிற ஆள இப்பதான் காணுறன்" என்றார். மத்தியானத்துக்குள் ஒழுங்கை முழுவதும் கதை பரவி, பந்தல் போடுகிறோம் என்று நினைத்த ஒருவர் தரணியின் கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்ட வாடகை பேச வந்தார்.

மறுநாள் காலை நான் கல்லடிப் பாலத்தைக் கடந்து ஓட்டோவில் வந்து இறங்கியபோது மேற்குப் பக்கத்துக் கம்பு ஒன்றில் ஒரு வெருளி தொங்கியது. வைக்கோல் அடைத்து, சட்டி கவிழ்த்த தலையில் சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் கீறி, என் கணவர் போட்டுக் கழித்த நீலக் குளிர்ச்சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள். அந்த வெக்கைக்கு அதைப் போட வெருளியால்தான் முடியும். நான் தங்கச்சி புருஷனைப் பிடித்துக் கேட்டேன். "மச்சாள், மேல எழும்புற எதுக்கும் கண்ணூறு படாம ஒண்டு கட்டத்தானே வேணும்" என்றார், நான் ஏதோ சின்னப்பிள்ளைக் கேள்வி கேட்டதுபோல. அவரில் பிழை சொல்ல முடியாது. சுவிஸில் கட்டப்போகும் வீட்டை நாலு பேர் பார்க்கவேண்டும் என்று கம்பு நடுகிறார்கள். இங்கே கட்டுகிற வீட்டில் நாலு பேர் கண் படக்கூடாது என்று வெருளி கட்டுகிறோம். நான் அங்கத்தைய கம்பை நட்டேன், அவர் இங்கத்தைய வெருளியை அதிலேயே கட்டிவிட்டார். வெருளி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது மனோ அக்காவின் முற்றத்தை.

எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் வேலியில் ஒரு கடப்பு உண்டு. கறியும் கதையும் அதனூடாகத்தான் போய்வரும். அன்று அது தகரத்தால் அடைபட்டிருந்தது. நான் ஒழுங்கையால் சுற்றிப் போனேன். அக்கா கதிரை போட்டா, தேத்தண்ணி தந்தா, என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த வெருளி ஏன்கா என்ட வளவப் பாத்து நிக்கிது?" என்றா கடைசியில். "என்ட கண்ணென்ன அவ்வளவு பொல்லாத கண்ணா?"

வெருளியைக் கழற்றச் சொல்லிவிட்டேன் என்று சொல்லி, சுவிஸ் கதையையும் பியாட்றிஸின் தக்காளியையும் சொல்லி, "உங்கட வெயில் மறையுதா எண்டு பாத்துச் சொல்லத்தான் அக்கா கம்பு நட்டன். சொல்லுங்க" என்றேன்.

"நான் என்னத்தச் சொல்ற, வசந்தி? ஒருத்தர்ட வீடு எழும்பக்குள்ள குறை சொல்லப்படாது. அதுவும் குமர்ப்பிள்ளைக்குக் கட்டுற வீடு. மறுகா அந்தப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தா, மனோட வாயாலதான் எண்டுவாங்க. நான் வாய் திறக்க மாட்டன்கா. நீங்க கட்டுங்க, நல்லா இருங்க."

அந்த அன்புக்கு முன்னால் என் கம்புகள் பிரயோசனம் இல்லாமல் நின்றன. அங்கே வாய் திறப்பது உரிமை, இங்கே வாய் திறக்காமல் இருப்பது பாசம். இரண்டையும் மதிக்கிற எனக்கு என்ன செய்வதென்று விளங்கவில்லை.

அடுத்த நாள் விடிய அக்காவின் முற்றத்துக்குப் போய், கேட்காமலே மிளகாய்க்குக் காம்பு கிள்ள உட்கார்ந்தேன். வெயில் எங்கள் காணிக்கு மேலாக ஏறி முற்றம் முழுவதும் விழுந்தது. ஆனால் அக்கா சாக்குகளை முற்றத்தின் நடுவில் விரிக்கவில்லை. கிணற்றடி மூலையில் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏற, நெருக்கி நெருக்கி விரித்தா. பாதி மிளகாய் பெட்டியிலேயே மிஞ்சிக் கிடந்தது. நான் மேலே பார்த்தேன். சூரியன் இன்னும் எங்கள் உச்சிக் கயிற்றைத் தாண்டவில்லை. அந்தக் கயிற்றுக்குக் கீழே சுவர் இருந்தால் இந்த நேரம் வெயில் விழக்கூடிய ஒரே இடம் அந்த மூலைதான்.

"இவ்வளவு இடம் கிடக்க ஏனக்கா அந்த மூலைக்குள்ள?"

"பழகிப் பாக்கிறன்கா" என்றா, குனிந்தபடியே. குறையாகச் சொல்லவில்லை. நாளைக்கு எப்படிச் சமாளிப்பது என்பதுதான் அந்தக் குரலில் இருந்தது.

அன்று பின்னேரம் தங்கச்சி புருஷனிடம் மேல்தட்டு வேண்டாம் என்று சொன்னேன். மனோ அக்கா மிளகாயை எங்கள் மொட்டைமாடியில் காயப்போடட்டுமே என்று அவர் கேட்டார். முழங்கால் வருத்தத்தோடு சாக்குகளைத் தூக்கிக்கொண்டு அத்தனை படி ஏற அக்காவால் ஏலாது என்பது அவருக்கும் தெரியும். "அப்ப ஊரில உங்களுக்கெண்டு ஒரு வீடு வேணாமா, மச்சாள்?" என்றார். வேண்டும். மிகவும் வேண்டும். அப்பா எனக்கென்று தந்த நிலம் அது, வயதான காலத்தில் அந்த ஜன்னலடியில் இருந்து வாவியைப் பார்ப்பேன் என்று எத்தனை பனிக்காலத்தை ஓட்டியிருக்கிறேன். தங்கச்சி அழுதாள், நானும் அழுதேன். பிறகு பாஸ் வந்து கம்புகளின் உச்சியில் இருந்து ஒரு தட்டு உயரத்தை அறுத்துக் குறைத்தார். அடுத்த நாள் காலை வேலிப் பக்கம் போய்ப் பார்த்தேன். கடப்பில் இருந்த தகரத்தை அக்கா கழற்றியிருந்தா. நான் புறப்படும்போது வழக்கத்தை விடப் பெரிய பார்சலாகத் தூள் தந்தா, விமான நிலையத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தை மாதம் தரணிக்குக் கல்யாணம் முடிந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள், நான் வேலைக்குப் போக இருட்டோடு எழும்பி நிற்கிறபோது, தங்கச்சி வீடியோவில் வந்தாள். கடையைக் காட்டினாள், நடுத்தட்டைக் காட்டினாள், புது மாப்பிள்ளை கூச்சத்தோடு கையசைத்தார். பிறகு படியேறி மொட்டைமாடிக்கு வந்தாள். "அக்கா, இதுதான் உங்கட தட்டு" என்று ஃபோனை நிமிர்த்திப் பிடித்தாள். ஒன்றும் தெரியவில்லை, ஒரே வெளிச்சம். கீழே எங்கேயோ மனோ அக்கா சாக்கை உதறுகிற சத்தம் கேட்டது. இங்கே ஜன்னலுக்கு வெளியே இன்னும் விடியவில்லை. லைட்டைப் போடப் போன கையை எடுத்துவிட்டேன், ஃபோனில் இருந்து என் குசினிச் சுவரில் ஊர் வெயில் கொஞ்சம் விழுந்திருந்தது.