எட்டு ஏக்கர் புல்லும் ஜக்கம்மாளின் செம்மறிகளும்

சூர்யகலா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். தப்பு செய்தாலும் அப்படித்தான், முழுசாகச் செய்வாள். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். தரையில் ஒரு பஞ்சுத் துணுக்கு கிடந்தாலும் கை பரபரக்கும். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம் எட்டு ஏக்கரைப் பழையபடி புல்லும் நாட்டு மரமுமாக மீட்கிற வேலையைப் பஞ்சாயத்து அவளிடம் கொடுத்தபோது, சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கியதோடு நிற்கவில்லை. நட்ட உசில மரக்கன்றுகளைச் சுற்றியிருந்த புல்லையும் ஒன்றுவிடாமல் பறித்து, மில் தரை மாதிரி வழித்துவைத்தாள். சித்திரை வெயிலில் கன்றுகள் கருகிப்போயின.

"புல்லுதான்க்கா ஈரத்தப் பிடிச்சு வச்சிருந்துச்சு," என்றார் மணிமாறன். திண்டுக்கல்லில் இருந்து மாதம் ஒருமுறை வந்து இந்த வேலைக்குப் பயிற்சி கொடுப்பவர் அவர்.

அன்றிலிருந்து புல் அவளுக்கு உயிராகிவிட்டது. கொழுக்கட்டைப் புல் விதை வாங்கி விதைத்தாள், நடுவே மரக்கன்றுகளை மறுபடி நட்டாள். சுற்றிலும் முள்வேலி, வாசலில் இரும்புக் கேட், கேட்டுக்குப் பூட்டு. ஒருநாள் ஜக்கம்மாளின் செம்மறிகள் வேலிக்குள் நுழைந்துவிட, இரண்டைப் பிடித்துப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கட்டிப்போட்டாள். ஜக்கம்மாள் நூற்றுக்கு மேல் ஆடு வைத்திருப்பவள், வாயும் அதற்கேற்ற நீளம். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன புரட்டாசியில் முதல் மழை பெய்தது. மறுவாரம் சூர்யகலா ஆசையாகப் போய்ப் பார்த்தால், வேலிக்குள் பச்சையே இல்லை. இடுப்புயரக் காய்ந்த புல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து மூடிக்கிடந்தது. விலக்கிப் பார்த்தாள். தூர்களின் நடுப்பகுதி செத்திருந்தது. புதுக்குருத்து வெளிச்சமில்லாமல் வெளுத்திருந்தது. வேலிக்கு வெளியே, ஜக்கம்மாளின் ஆடுகள் தினமும் கடித்துவிட்டுப் போகும் வண்டிப்பாதை ஓரத்தில், அதே புல் பச்சைப்பசேலென்று நின்றது.

யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கடிபடாத புல் தன் சருகுக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகிறது. ஐப்பசி அடைமழைக்குள் அதைக் குறைக்காவிட்டால் எல்லாம் அழுகிவிடும், மூன்று வருஷப் பாடும் வீண். அரிவாளோடு இறங்கினாள். இரண்டு நாளில் கால் ஏக்கர்தான் அறுக்க முடிந்தது, கை வீங்கிப்போனது.

மூன்றாம் நாள் காலை, வெட்கத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஜக்கம்மாளின் ஆட்டுப்பட்டிக்குப் போனாள்.

"ஆட்ட உள்ள விடுங்கத்தே. ஒரு மாசம் மேயட்டும். வெள்ளாடு வேணாம், மரக்கன்னுகளக் கடிச்சிரும். செம்மறி மட்டும்."

"அன்னிக்கி என் ஆட்டத் திருடனக் கட்டுற மாதிரி கட்டுனியே, இன்னிக்கி என்னாடி வந்துச்சு?"

"அன்னிக்கி எனக்குத் தெரியல. வேலியப் போட்டாப் போதும்னு நெனச்சுட்டேன். ஒங்க ஆடு மேஞ்ச எடந்தான் பச்சையா இருக்கு."

ஜக்கம்மாள் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி முடித்தாள். "வாரேன். ஆனா கேட்டுச் சாவி ஒண்ணு எங்கிட்ட இருக்கணும். தெனமும் ஒன் வாசல்ல வந்து நிக்க என்னால ஆகாது."

கட்டின புருஷனைக்கூட அந்தச் சாவியைத் தொட விட்டதில்லை சூர்யகலா. ஆனாலும் கொடுத்தாள்.

ஆடுகள் பாதிப் புல்லைத் தின்றன, பாதியை மிதித்து மண்ணோடு சேர்த்தன. ஐப்பசி மழைக்கு எட்டு ஏக்கரும் துளிர்த்தது; ஒரு மாசம் தாண்டியும் ஆடுகள் அளவாக மேய்ந்துவந்தன. மார்கழியில் கதிர் முற்றத் தொடங்கியது. இனி விதை உதிரும்வரை ஆடு உள்ளே போகக்கூடாது. இதை ஜக்கம்மாளிடம் எப்படிச் சொல்வது, மறுபடி சண்டை வருமோ என்று யோசித்தபடியே விடிந்ததும் கிளம்பினாள்.

கேட் பூட்டியிருந்தது. ஜக்கம்மாள் தன் ஆடுகளை வெளியே மறித்துக்கொண்டு, பக்கத்து ஊர் வேலுசாமியையும் அவர் மந்தையையும் விரட்டிக்கொண்டிருந்தாள்.

"கதிரு இப்பத்தான முத்துது, கண்ணு தெரியலையா? வெத கொட்டட்டும். தையில வா!"

சூர்யகலா சொல்ல வந்ததை ஜக்கம்மாளே சொல்லிவிட்டாள். கதிரைக் கிட்டப் போய்ப் பார்க்க சூர்யகலா மெல்ல கேட் பக்கம் போனாள்.

"நீ எங்க போற?" ஜக்கம்மாள் அதட்டினாள். "உள்ள போயி மிதிக்காத. வெளிய நின்னே பாரு."